பெட்டிக்குள் ஒலித்த பாடம்

அத்தியாயம் 11

கைப்பேசி என்னும் சொல்லைக் கேட்டாலே கமலவேணியின் முகம் இறுகிவிடும். ஆயர் குரோவில் அவள் பணியாற்றிய இடைநிலைப்பள்ளி முழுவதும் அதை அறிந்திருந்தது. அங்கே அவள் வரலாற்று ஆசிரியை. மாணவர் ஒழுங்குப் பொறுப்பும் அவளுடையதே.

அந்த இறுக்கத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்றைப் பள்ளி அறியும்.

இவ்வாண்டின் தொடக்கத்தில், வகுப்பறையில் அமர்ந்து அழுதுகொண்டிருந்த ஷாமினி என்னும் மாணவியை யாரோ கைப்பேசியில் படம் பிடித்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பிள்ளையின் கண்ணீர் ஊர் முழுவதும் சிரிப்பாகச் சுற்றிவந்தது. அதற்குப் பிறகு ஷாமினி பள்ளிக்கு வரவே இல்லை. கமலவேணி அவள் வீட்டு வாசலில் எத்தனையோ முறை போய் நின்றாள். கதவு திறந்தது, அந்தப் பெண் வெளியே வரவில்லை.

அதன் பிறகுதான் கமலவேணி அந்த விதியை எழுதினாள். பள்ளி வாயிலைத் தாண்டி எந்தக் கைப்பேசியும் வரலாகாது. வந்தால், ஆண்டுத் தேர்வு முடியும் வரை அது ஒழுங்கு அறையின் இரும்பு அலமாரியில் இருக்கும். விலக்கு எவருக்கும் இல்லை. வருகின்ற சனிக்கிழமை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்த விதியை நிரந்தரமாக்குவதற்கான தீர்மானத்தை அவளே முன்மொழிய இருந்தாள்.

இன்னொரு காரணத்தை வீட்டார் மட்டுமே அறிவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தந்தையார் நல்லமுத்துவின் உடலைச் சூழ்ந்து அமர்ந்து உறவினர் திருமுறை ஓதிக்கொண்டிருந்த வேளை. ஜாசினில் பள்ளி ஆசிரியனாக இருந்த தம்பி யுகேந்திரன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தான். சிங்கப்பூரில் படுத்த படுக்கையாகக் கிடந்த அத்தை, உடன்பிறந்தவரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணட்டும் என்பது அவன் எண்ணம். பதிகத்தின் நடுவே, "நெட்வொர்க் ஸ்லோவா இருக்கு அத்தை" என்று அவன் முணுமுணுத்தது கமலவேணியின் காதில் விழுந்தது. எழுந்தாள். கையை வீசித் தட்டினாள். கைப்பேசி சிமெண்டுத் தரையில் விழுந்து சிதறியது.

அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை.

*

வியாழக்கிழமை. பள்ளி விடும் மணி அடித்து, பேருந்துகளும் வேன்களும் புறப்பட்டுப் போயிருந்தன. காலையிலிருந்தே கமலவேணிக்கு ஓரிடத்தில் உட்கார மனம் வரவில்லை. சனிக்கிழமை பேச வேண்டியவற்றை மனத்துக்குள் அடுக்குவதும் கலைப்பதுமாக, மாடி நடைவழிகளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கூடுதல் வகுப்புக்குத் தங்கும் பிள்ளைகளிடம்தான் கைப்பேசி இருக்கும் என்பது அவள் அனுபவத்தில் கண்டது.

மூன்றாம் மாடியின் கடைசி அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி இரைந்தது. அந்த இரைச்சலையும் ஊடுருவிக்கொண்டு ஓர் ஆண்குரல் பழஞ்செய்யுள் ஒன்றைச் சீர் பிரித்து, நிறுத்தி, ஓதிக்கொண்டிருந்தது.

கதவின் பிடியில் வைத்த கை அப்படியே நின்றது.

தமிழ் படிக்கத் தவம் கிடந்து, இடம் கிடைக்காமல் வரலாறு படித்தவள் அவள். செய்யுளின் நடுவே கதவைத் திறப்பது, தீபாராதனையின் குறுக்கே நடப்பதற்கு ஒப்பாகும் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசிச் சீர் ஓய்ந்து அடங்கும் வரை காத்திருந்தாள்.

பிறகு திறந்தாள்.

உள்ளே நான்கு மாணவர்கள். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நடுவில் தண்ணீர்ப் போத்தலில் ஒரு கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நால்வரில் ஒருத்தி அவளுடைய மகள் ராகினி; கதவு திறந்ததுமே அவள் விரல் திரையைத் தொட்டு ஒலிவாங்கியை அணைத்துவிட்டது.

"யாரு போன் இது?"

நெடுநெடுவென்று வளர்ந்திருந்த தினேஷ்வரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "டீச்சர், கேம் இல்ல டீச்சர். சத்தியமா பாடம்தான்லா. இலக்கியப் பாடம்."

"என்னா பாடம்னு கேட்டேனா? யாருதுன்னு கேட்டேன்."

"என்னுது டீச்சர்." ராகினி எழுந்து நின்றாள். பள்ளி வளாகத்துக்குள் மகள் தாயை 'டீச்சர்' என்றே அழைக்க வேண்டும் என்பதும் கமலவேணி வகுத்த விதிதான்.

கமலவேணி கைப்பேசியை எடுத்துத் திருப்பினாள். அதன் முதுகில் காய்ந்த சந்தனம். நடுவே குங்குமப் பொட்டு.

அந்தப் பொட்டை இட்டவள் அவளேதான். சென்ற மாதம் சரசுவதி பூசையன்று, கணவர் தர்மேந்திரனின் ஸ்பானர்கள், கார்ச் சாவி, மடிக்கணினி என்று பலகையில் வரிசையாக வைத்திருந்த பொருள்களுக்கு இடையே இதுவும் இருந்தது. "பழைய போன் கமலா, சும்மா ஸ்பேர்" என்றார் தர்மேந்திரன். அவளும் நம்பி, தன் விரலாலேயே பொட்டிட்டு, கற்பூரம் காட்டி, கலைமகளின் திருவடியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தான் எழுதிய விதியை மீறுவதற்கான கருவியைத் தானே பூசித்துக் கொடுத்திருக்கிறாள்!

அந்த நொடியில் கைப்பேசி பேசியது.

"சரி, இப்ப யாராச்சும் சொல்லுங்க. இந்தப் பாட்டுல பேசறது யாரு? தலைவியா, தோழியா?"

மின்விசிறியின் இரைச்சலுக்கு வெளியே நின்றபோது பிடிபடாத குரல், உள்ளங்கையில் இருக்கும்போது பிடிபட்டது. யுகேந்திரன்!

ராகினி வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். கமலவேணி கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்," தினேஷ்வரனின் குரல் உடைந்தது. "நம்ப ஸ்கூல்ல இலக்கியத்துக்கு ஆளே இல்ல டீச்சர். அடுத்த மாசம் எஸ்.பி.எம். பரீட்சை. இதையும் எடுத்துட்டா நாங்க நாலு பேரும் எப்படி எழுதறது?"

"ரூல் எல்லாருக்கும் ஒன்னுதான். பையைத் தூக்கிட்டுக் கீழ போங்க."

*

ஒழுங்கு அறையில் பறிமுதல் செய்தவற்றை இடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. கமலவேணி கைப்பேசியை அதில் இட்டாள். அழைப்பைத் துண்டிக்க விரல் போயிற்று; போன விரல் திரும்பி வந்துவிட்டது.

பெட்டிக்குள்ளிருந்து பாடம் தொடர்ந்தது.

"பாலைன்னா மணல்காடுன்னு மட்டும் எழுதிட்டு வந்துறாதீங்க. பிரிவு எங்க இருக்கோ அங்கதான் பாலை. ஆயர் குரோ டோல தாண்டி ஒருத்தன் கே.எல்.லுக்கு வேலைக்குப் போயிட்டான்னா, வீட்டுல இருக்கறவளுக்கு அந்த ஹைவேயும் பாலைதான்லா."

சிரிப்பை எதிர்பார்த்து ஓர் இடைவெளி விட்டான். சிரிப்பு வரவில்லை.

"அலமாக், இன்னிக்கு என்னா இவ்ளோ அமைதி? சிங்கம் ரவுண்ட்ஸ் வந்துருச்சா?"

கமலவேணி நிமிர்ந்தாள். அப்படியானால் வகுப்பில் தன் பெயர் அதுதானா!

"சரி சரி, சத்தம் காட்டாதீங்க. நான் பாட்டுக்குச் சொல்லிகிட்டே போறேன். காதை மட்டும் குடுங்க."

அவள் காதைக் கொடுத்தாள். வேறு வழியும் இல்லை. சிறு வயதில், திருப்பள்ளியெழுச்சி ஓதும்போது அடி மறந்து விழித்தவனுக்கு அடுத்த அடியைக் கிசுகிசுத்தவள் அவள். இப்போது அவன் எங்கும் தடுமாறவில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஏந்தி, அதன் பொருளைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைப்பதுபோல் வைத்தான். அதைப் பெற்றுக்கொள்ளப் பிள்ளைகள் அங்கே இல்லை என்பது ஒன்றுதான் குறை.

துணை முதல்வர் உள்ளே வந்தார். தூய்மையான முக்காடும் விரைவான நடையும் கொண்ட மலாய்ப் பெண்மணி. "ரேடியோவா, சிக்கு?" என்று மலாயில் கேட்டார். மலாயில் ஆசிரியருக்கு 'சிக்கு', அம்மையாருக்கு 'புவான்'.

"இல்லை, புவான். பாடம்."

"பாடமா? கைப்பேசி யாருடையது?"

"என் மகளுடையது."

துணை முதல்வரின் நடை நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார், கமலவேணியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பதிவேட்டில் பதிந்துவிட்டீர்களா?" என்றார்.

"இதோ."

பதிந்தாள். கைப்பேசியை அலமாரியில் வைத்தாள். இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டிய பிறகும் உள்ளே அந்தக் குரல் கேட்டது. சொற்கள் தெளியவில்லை, சந்தம் மட்டும் தெளிந்தது. துணை முதல்வர் போய்விட்டார். சந்தம் ஓயும் வரை கமலவேணி அங்கிருந்து நகரவில்லை.

*

காரில் ராகினி பின் இருக்கையில் ஏறி அமர்ந்தாள்.

"முன்னாடி வந்து உக்காரு."

"பரவால்ல டீச்சர்."

"ஸ்கூல் முடிஞ்சிருச்சு ராகினி."

"எனக்கு முடியல டீச்சர். பாதி பாடத்துல எழுப்பி விட்டுட்டீங்க."

கமலவேணி காரைக் கிளப்பினாள். முதல் சந்திப்பில், "அப்பா ஏற்பாடா இது?" என்றாள்.

"மாமாகிட்ட கேட்டது நானு. போன் குடுத்தது அப்பா."

"அவன நேர்ல வரச் சொல்ல வேண்டியதுதானே? கேன்டீன்ல ஒரு மேசைய ஒதுக்கிக் குடுத்திருப்பேன்."

"நீங்களா? வீட்டுல மாமா பேர எடுத்தாலே சாமி ரூமுக்குள்ள போய்க் கதவ சாத்திக்கிறீங்க!"

"அதுக்கு? ஜாசின் என்னா லண்டன்லயா இருக்கு? வந்து என் மூஞ்சியப் பாத்து, 'பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணும்'னு சொன்னா நான் என்ன கடிச்சா துன்னுறுவேன்?"

"நானும் கேட்டேன்மா." கோபத்தில் 'டீச்சர்' நழுவிப் போயிருந்தது. "முடியாதுன்னுட்டாரு. ஏன்னு கேட்டா பேச்ச மாத்துறாரு."

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வளைவில் கமலவேணி திரும்பவில்லை. கார் பத்து பெரண்டாம் பக்கம் ஓடியது.

தர்மேந்திரன் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். உள்ளே செல்லும் எவரும் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் செல்ல வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் கமலவேணி வாய் ஓயாமல் சொல்லும் உதாரணம் அது: 'அத்தனை பேர் அங்கே போன் இல்லாமல் வேலை செய்யவில்லையா?' இன்று கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு வாயிலில் காத்து நிற்க வேண்டியிருந்தது. அவள் காரிலிருந்து இறங்கினாள், ஏறினாள், மீண்டும் இறங்கினாள். விமானம் ஒன்று கூரைகளை உரசுவதுபோல் தாழ்ந்து போயிற்று. காவலாளி, "ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கு ஆண்டி, உள்ள ஏர்கோன்ல உக்காருங்க" என்றான். அவள் உட்காரவில்லை.

தர்மேந்திரன் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி வந்தவர், இருவரையும் கண்டு ஓட்டமாக வந்தார்.

"என்னா ஆச்சு? யாருக்கு என்னா?"

"யாருக்கும் ஒன்னும் இல்ல. பொட்டு வச்ச ஸ்பேர் போனு அலமாரிக்குள்ள போயிருச்சு."

"மாட்டிகிச்சா?" அவர் உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்தது.

"சிரிக்காதீங்க. எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. என் கையால பூசை பண்ண வச்சு, என்னைய ஏமாத்தி, என் தம்பிகிட்டயே பாடம் படிக்க வச்சிருக்கீங்க. அவன் ஏன் நேர்ல வரமாட்டேங்கறான்? என் மூஞ்சில முழிக்க அவ்ளோ வெறுப்பா?"

தர்மேந்திரன் மகளைப் பார்த்தார். எதிரே இருந்த ஒட்டுக்கடையைக் காட்டி, "ராகினி, மூனு சிராப் பொங்குஸ் வாங்கிட்டு வாம்மா" என்றார். அவள் எட்டிப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் எங்க உக்காந்து பாடம் நடத்தறான்னு நினைச்சே?"

"வீட்டுலதான்."

"ஜாசின் டயாலிசிஸ் சென்டர்ல. கிட்னி ரெண்டும் போச்சு கமலா. செவ்வாய், வியாழன், சனி மெஷின்ல படுத்திருக்கான். ஒரு கையில ஊசி, இன்னொரு கையில போன். சும்மா கூரையப் பாத்துகிட்டுக் கெடக்கறதுக்கு இது தேவலன்னு அவனாதான் சொன்னான்."

கமலவேணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பருந்து?"

"தைப்பூசம் முடிஞ்சதுலேருந்து."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டான். 'அக்கா பாவப்பட்டு வர்றதுன்னா வர வேணாம் மச்சான், கோவத்தோட வந்தா வரட்டும்'னான்."

சர்பத் நிறைந்த சிராப் பொட்டலங்களோடு ராகினி திரும்பியபோது தாயின் கார் கிளம்பிவிட்டிருந்தது.

"அம்மா எங்கப்பா?"

"கோவமா போறாங்க," என்றார் தர்மேந்திரன். "நல்லதுக்குத்தான். பைக்ல ஏறு."

*

ஜாசின் சாலையின் இருமருங்கிலும் செம்பனை மரங்கள் வரிசை குலையாமல் நின்றன. கமலவேணியின் நெஞ்சில் எதுவும் வரிசையில் நிற்கவில்லை. சொல்ல வேண்டிய வசைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஈரமாக இருந்தன. திருநீற்றுப் பதிகத்தின் முதலடியை உதடு தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

கடைவீட்டு மாடி ஒன்றில் இருந்தது அந்த நிலையம். நீண்ட அறையில் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் இயந்திரம். "கொஞ்ச நேரம்தான் ஆண்டி" என்று தாதி வழிவிட்டாள்.

சன்னலோரத்தில் யுகேந்திரன். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த இடக்கையில் இரண்டு செங்குழாய்கள். கன்னம் ஒட்டி, தந்தையாரின் கடைசிக்கால முகம் அவன்மேல் வந்து அமர்ந்திருந்தது.

"வாக்கா. மச்சான் ஒளறிட்டாரா?"

"ஏன்டா சொல்லல?" அவள் நினைத்ததைவிட மெல்லிய குரலே வந்தது.

"எப்படிச் சொல்றது? என் நம்பரத்தான் பிளாக் பண்ணி வச்சிருக்கியே."

அவள் அருகிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"தினேஷ் வீட்டுக்குப் போய் மெசேஜ் போட்டான்," என்றான் யுகேந்திரன். "சிங்கம் பாட்டு முடியற வரைக்கும் கதவுக்கு வெளியவே நின்னுச்சாம். கண்ணாடியில நிழல் தெரிஞ்சுச்சாம். அப்புறம் எல்லாரையும் கீழ அனுப்பிட்டியாமே. நான் யாருக்குக்கா பாடம் நடத்துனேன்?"

"அலமாரிக்கு. பூட்டிட்டேன்."

"இரும்பு அலமாரிக்கா?" அவன் சிரித்தான், இயந்திரம் கத்திவிடுமோ என்று பயந்து சிரிப்பை அடக்கினான். "இருக்கட்டும். எங்க ஸ்கூலு ஃபோர்ம் த்ரீ பசங்கள விட அது நல்லாவே கேட்டிருக்கும்."

கமலவேணி சிரித்தாள், சிரிப்போடு வந்த கண்ணீரைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள்.

"உன்கிட்ட ரூல மாத்துன்னு கெஞ்சப் போறதில்ல," என்றான் அவன். "அந்த ஷாமினி என் கிளாஸ் பிள்ளையா இருந்திருந்தா நானும் இதேதான் எழுதியிருப்பேன். போனு வந்துச்சுன்னா பாட்டும் வரும், பாழும் வரும். பிரிச்சு எடுக்கற சல்லடை என்கிட்டயும் இல்ல."

"அப்ப அந்த நாலு பிள்ளைங்க?"

"அதான் எனக்கும் தெரியல."

"சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்து இதையே சொல்லு. நான் சொன்னா, மகளுக்காக வளையறாம்பாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

"சனிக்கிழமையும் எனக்கு இங்கதான்க்கா படுக்கை. ஒரு தடவ விட்டாலும் மூச்சு முட்டிரும்."

அப்போது அவள் கைப்பையில் அழைப்பு வந்தது. துணை முதல்வர்.

"சிக்கு கமலா, முதல்வரிடம் சொன்னேன். சொந்த மகளின் கைப்பேசியையே பறித்துப் பூட்டியிருக்கிறீர்கள்! சனிக்கிழமை இதையே மேடையில் சொல்லுங்கள் என்கிறார். பெற்றோர் எவரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தீர்மானம் அப்போதே நிறைவேறிவிடும். பேசுவீர்கள் அல்லவா?"

உரத்த குரல். யுகேந்திரனுக்கும் கேட்டது. அவன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கமலவேணி தம்பியின் குழாய்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த குருதியைப் பார்த்தாள். அவன் பிறந்த அன்று அவனை அவள் மடியில் கிடத்தியவர்கள், அசையாமல் இரு என்று சொல்லியிருந்தார்கள்.

"பேசுகிறேன், புவான்," என்றாள் மலாயில். "ஆனால் எனக்கு முன்னால் இன்னொருவர் பேச வேண்டும். அந்த நால்வருக்கும் பாடம் நடத்தும் ஆசிரியர் அவர். என் தம்பி. அவரால் நேரில் வர இயலாது. கூட்டம் நடக்கும் மண்டபத்தில் ஒரு கைப்பேசி வைக்க எனக்கு அனுமதி வேண்டும்."

"அக்கா!" யுகேந்திரன் சாய்விலிருந்து தலையைத் தூக்கினான். "என்னா பேசறே நீ? மானம் போயிரும் உனக்கு!"

தாதி விரலை உதட்டில் வைத்தபடி ஓடிவந்தாள்.

மறுமுனையில் காகிதம் ஒன்று புரளும் ஓசை. பிறகு துணை முதல்வரின் குரல், கடுமை இல்லாமல், வியப்போடு வந்தது.

"எந்த விதியின்படி, சிக்கு?"

கமலவேணி வாயைத் திறந்தாள். விதிகள் அத்தனையையும் எழுதியவள் அவளே. அப்படியொரு வரியை அவள் எழுதியிருக்கவில்லை.